பேஸ்டியைக் கையில பிடி... பர்ஸைப் பையில வை!

“டேய், நான் போற ஊர்ல வெளிய சாப்பிடணும்னா எங்கடா போறது?”

கேட்டது எங்க காலேஜ் சீனியர் அண்ணா. சுரங்கவியல்ல மாஸ்டர்ஸ் பண்ண இங்கிலாந்து கிளம்புறார். விசா வந்தாச்சு, ஜெர்கின் வாங்கியாச்சு, அம்மா கொடுத்த பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு. அஞ்சு லிட்டர் குக்கரை எடுத்துட்டுப் போறதா வேணாமாங்கறதுல மட்டும் வீட்ல ரெண்டு கட்சி!

ஊர் பேரு பென்ரின். இருக்கறது கார்ன்வால் கவுன்ட்டியில. 1888-ல ஆரம்பிச்ச கேம்போர்ன் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் இப்ப இந்த பென்ரின் கேம்பஸ்லதான் இயங்குது. “லண்டன் பக்கமாணா?”ன்னு அப்பாவியா கேட்டேன். ரயில்ல அஞ்சு மணி நேரமாம்! இங்கிலாந்து மேப்புல தென்மேற்கு மூலையில காலை நீட்டிப் படுத்திருக்கற மாதிரி ஒரு நிலம் தெரியுதா? அதான் கார்ன்வால். மூணு பக்கம் கடல். நாலாவது பக்கம் கிட்டத்தட்ட முழுக்க டேமர் ஆறு. ஆத்தைத் தாண்டினா டெவன் கவுன்ட்டி.

‘பசி... ருசி... பர்ஸ்’ எழுதறவன்கிட்ட இப்படி ஒரு கேள்வி வந்தா சும்மா விட முடியுமா? ரெண்டு இன்டர்னல் டெஸ்ட்டுக்கு நடுவுல இந்த ஊரைப் படிச்சுத் தள்ளிட்டேன். (சிலபஸை இப்படிப் படிச்சிருந்தா அரியரே இருந்திருக்காது. அந்தக் கதை இப்ப எதுக்கு!)

படிச்சதுல ஒரு ஃபார்முலா மாட்டுச்சு. புது ஊர்ல ஒரு ஹோட்டல் வாசல்ல நிக்கறப்ப “இங்க என்ன ஃபேமஸ்?”னு கேட்காதீங்க. “இந்தச் சாப்பாடு யாருக்காகப் பொறந்துச்சு?”ன்னு கேளுங்க. பசியும் தீரும், பர்ஸும் பிழைக்கும், அந்த ஊரும் புரியும். கார்ன்வால்ல இந்தக் கேள்விக்கு மூணு பதில் இருக்கு. சுரங்கத்துக்குள்ள இறங்கினவன், கடலுக்குப் போனவன், லீவுக்கு வந்தவன். வரிசையா பார்ப்போம்... வாங்க!

சோமாசிக்கு ஜிம் பாடி வந்தா...

முதல்ல உச்சரிப்பு. பேஸ்ட்ரி இல்லை மக்களே, பேஸ்டி! ‘ரி’யைச் சேர்த்தீங்கன்னா கேக் கடைக்குப் போயிடுவீங்க.

தீபாவளிக்கு அம்மா சோமாசி செய்வாங்கல்ல... அரை வட்டமா மடிச்சு, ஓரத்தை முறுக்கி முறுக்கி ஒட்டுவாங்களே? அதே சோமாசி ஆறு மாசம் ஜிம்முக்குப் போயிட்டு வந்தா எப்படி இருக்கும்? அதுதான் கார்னிஷ் பேஸ்டி. உள்ளே துண்டு துண்டா வெட்டின மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அப்புறம் ஸ்வீடுன்னு ஒரு கிழங்கு. பேரைப் பார்த்து இனிப்புன்னு நினைச்சுடாதீங்க, அது டர்னிப்புக்குச் சொந்தக்காரன். உப்பு, மிளகு... அவ்வளவுதான் மசாலா. எல்லாத்தையும் பச்சையா உள்ளே வெச்சு மூடி, அவன்ல நிதானமா வேகவிடறாங்க. உள்ளே இருக்கற சாறு உள்ளேயே நின்னு குழம்பா ஆயிடும்.

இதுக்குச் சட்டமே இருக்கு பாஸ்! 2011-ல ஐரோப்பிய யூனியன் இதுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துச்சு. அதுப்படி ‘கார்னிஷ் பேஸ்டி’ன்னு போர்டு வைக்கணும்னா அதை கார்ன்வால்லதான் தயாரிச்சிருக்கணும். ‘டி’ங்கற ஆங்கில எழுத்து மாதிரி வடிவம் இருக்கணும். மடிப்பு பக்கவாட்டுல இருக்கணும், உச்சந்தலையில இருக்கக் கூடாது. இறைச்சி குறைஞ்சது 12.5 சதவிகிதம், காய்கறி குறைஞ்சது 25 சதவிகிதம். நம்ம லேப் ரெக்கார்டுக்குக்கூட இவ்வளவு கண்டிஷன் கிடையாது!

மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க, சைவ பார்ட்டிகள் எல்லாம் பதற வேண்டாம். சீஸும் வெங்காயமும் வெச்ச பேஸ்டி பெரும்பாலான கடைகள்ல கிடைக்கும். என்ன, சட்டப்படி அதுக்கு ‘கார்னிஷ் பேஸ்டி’ங்கற பட்டம் கிடையாது. பட்டம் இல்லாட்டியும் பசி தீருமே!

சரி, இது யாருக்காகப் பொறந்துச்சு? கார்ன்வால் ஒரு காலத்துல தகரத்துக்கும் தாமிரத்துக்கும் உலகப் புகழ் பெற்ற சுரங்க பூமி. காலையில பூமிக்குள்ள இறங்கினா சாயங்காலம்தான் வெளிச்சம். மதியம் மேல ஏறி வந்து சாப்பிட்டுட்டுப் போற கதையே கிடையாது. தட்டு இல்லாம, ஸ்பூன் இல்லாம, சூப்பு சிந்தாம ஒரு முழுச் சாப்பாடு வேணும். அதுக்கான டிபன் பாக்ஸ்தான் பேஸ்டி. ஸ்பெஷல் என்னன்னா பாக்ஸையும் சேர்த்துச் சாப்பிடலாம்! யாரோடது யாருதுன்னு குழம்பாம இருக்க ஒரு மூலையில பேரோட முதல் எழுத்தையும் மாவுலயே ஒட்டி அனுப்புவாங்க. பாதி சாப்பிட்டு வெச்சாலும் எழுத்து மிச்சம் இருக்கும். ஹாஸ்டல்ல பக்கெட் மேல பெயின்ட்ல பேர் எழுதற டெக்னாலஜிக்கு இவங்கதான் முன்னோடி!

டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்ற இன்னொரு கதையும் உண்டு. தகரத் தாதுவோட ஆர்செனிக் விஷமும் வரும், அதனால தொழிலாளிங்க அந்தத் தடிச்ச மடிப்பைப் பிடிச்சுச் சாப்பிட்டுட்டு மடிப்பைத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, பழைய போட்டோக்கள்ல தொழிலாளிங்க பேஸ்டியைத் துணியில சுத்தி வெச்சு முனையிலேர்ந்து கடிக்கறாங்க. அதைக் காட்டி, “உழைச்சுக் களைச்சவன் சாப்பாட்டைத் தூக்கிப் போடுவானா?”ன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. எனக்கென்னவோ ரெண்டாவது கட்சி பக்கம்தான் ஓட்டு!

ஹெய்ல்ங்கற ஊர்ல இருக்கற பில்ப்ஸ் பேக்கரி மாதிரி பேர் போன கடைகள் இருக்கு. சின்னச் சின்ன ஊர்ல பேர் தெரியாத பேக்கரிகளும் ஏராளம். மேஜை நாற்காலி தேட வேண்டாம். வாங்கிட்டு வந்து துறைமுகச் சுவர் மேல உட்கார்ந்து சாப்பிடறதுதான் அந்த ஊர் டைனிங் ஹால்.

கோலார் வரைக்கும் ஒரு கோடு

19-ம் நூற்றாண்டுல தாமிரம், தகரம் விலை எல்லாம் விழுந்துச்சு. சுரங்கங்கள் வரிசையா மூடினாங்க. வேலை போனவங்க கூட்டம் கூட்டமா கப்பல் ஏறினாங்க. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கான்னு உலகத்துல எங்க குழி தோண்டினாலும் அடியில ஒரு கார்ன்வால்காரன் இருப்பான்னு சொல்ற அளவுக்குப் போனாங்க. கூடவே பேஸ்டியும் போச்சு. மெக்சிகோவுல ரியல் டெல் மான்டேன்னு ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1824-லேர்ந்து அங்க கார்ன்வால்காரங்க போனாங்க. இன்னிக்கும் அந்த ஊர்ல ‘பாஸ்டே’ங்கற பேர்ல பச்சை மிளகாய் எல்லாம் போட்டு விக்கறாங்க. அதுக்கு ஒரு மியூசியமே இருக்கு!

அந்த மெக்சிகோ கம்பெனிக்குப் பின்னாடி இருந்தவர் ஜான் டெய்லர்ங்கற இன்ஜினீயர். அவர் பேர்ல நடந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல கால் வெச்ச இடம் எது தெரியுமா? கோலார் தங்கவயல்! அங்கேயும் கார்ன்வால் ஆளுங்க வந்து சுரங்கத்தை மேற்பார்வை பார்த்தாங்க. அடியில இறங்கி பாறையை உடைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க, வட ஆற்காடு பக்கமிருந்து போன நம்ம தமிழ் ஜனங்க. 2001-ல அந்தச் சுரங்கத்தை மூடினாங்க. கார்ன்வாலோட கடைசித் தகரச் சுரங்கமான சவுத் கிராஃப்டி அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1998-ல மூடியாச்சு.

இதை அண்ணாகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “எங்க தாத்தா கே.ஜி.எஃப்.ல இருந்தவர்டா”ன்னார். நாலு வருஷமா பழகறோம், அன்னிக்குத்தான் சொன்னார்.

சூடா இருந்தா வரி... ஆறினா ஃப்ரீ!

இங்கே ஒரு அரசியல் காமெடி. 2012 மார்ச் பட்ஜெட்ல பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சுற்றுப்புற வெப்பநிலையைவிட சூடா விக்கற பேக்கரி அயிட்டங்களுக்கு 20 சதவிகித வரி! அப்ப, குளிர்காலத்துல சூடுன்னா எது? வெயில் காலத்துல சூடுன்னா எது? அவன்லேர்ந்து எடுத்து அரை மணி நேரம் கழிச்சு வித்தா? தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் பார்லிமென்ட்டுல வந்துச்சு!

பிரதமர் டேவிட் கேமரூன், “எனக்கும் பேஸ்டி பிடிக்கும், லீட்ஸ் ரயில் நிலையத்துல வாங்கிச் சாப்பிட்டிருக்கேன்”னு சொல்லி மாட்டிக்கிட்டார். அவர் சொன்ன கடை ஏற்கெனவே மூடியாச்சுன்னு பத்திரிகைகள் கண்டுபிடிச்சு வாரிடுச்சு. கார்ன்வால்ல ஜனங்க தெருவுல இறங்கினாங்க. ஃபால்மவுத்ல பேரணியே நடந்துச்சு. மே மாசக் கடைசியில அரசாங்கம் பல்டி அடிச்சது. தானா ஆறிக்கிட்டிருக்கற பேஸ்டிக்கு வரி கிடையாது, சூட்டுப் பெட்டியில வெச்சுச் சூடாவே வெச்சிருந்தா வரி உண்டு!

சிரிப்பா இருந்தாலும் மேட்டர் சீரியஸ். கையில காசு குறைவா இருக்கறவன் மதியம் சாப்பிடற அயிட்டம் அது. அது மேல கை வெச்சா கோபம் வராம என்ன செய்யும்?

பேரை மாத்து... பேஜாரைத் தீர்!

அடுத்தது கடலுக்குப் போனவன். கார்ன்வாலோட பெரிய மீன்பிடித் துறைமுகம் நியூலின். அங்க பில்ச்சர்டுன்னு ஒரு மீன். நம்ம மத்தி, சாளைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. அந்தக் காலத்துல மலை உச்சியில ஒருத்தர் காவலுக்கு நிப்பாராம். கடல்ல மீன் கூட்டம் தெரிஞ்சா “ஹெவ்வா... ஹெவ்வா...”ன்னு கத்துவார். படகெல்லாம் பறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுல பெண்கள் அடுப்பைப் பத்த வெச்சு ஒரு கேக் செய்வாங்களாம். ஆளுங்க கரைக்கு வர்றதுக்குள்ள கேக் ரெடி! மேல வலை மாதிரி கோடு கீறின அந்த ‘ஹெவ்வா கேக்’ இன்னும் பேக்கரிகள்ல இருக்கு. பக்கத்துலயே குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன்னும் இருக்கும். டீக்கு ரெண்டுமே ஜோடி.

ஆனா பில்ச்சர்டுக்கு மவுசு போச்சு. டின்ல அடைச்ச, தாத்தா காலத்து மீன்னு இளசுங்க ஒதுக்கினாங்க. அதே மீன் ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் சார்டின்னு பேர் வெச்சுக்கிட்டு கிரில்லுல ஏறி ஸ்டைலா உட்கார்ந்திருக்கு. கார்ன்வால் வியாபாரிங்க யோசிச்சாங்க. பேரை மட்டும் ‘கார்னிஷ் சார்டின்’னு மாத்தினாங்க. மீன் அதே மீன்தான்... விற்பனை எகிறிச்சு! 2009-ல அதுக்கும் புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. 2021-ல, பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஏற்றுமதி இடிக்கவும், சிலந்தி நண்டை ‘கார்னிஷ் கிங் கிராப்’ன்னும், மெக்ரிம்ங்கற தட்டை மீனை ‘கார்னிஷ் சோல்’னும் மாத்தினாங்க. மெனு கார்டுல புதுப் பேரைப் பார்த்தா மிரளாதீங்க. பழைய மீனுக்குப் புதுப் புரொஃபைல்!

வறுத்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் எல்லாத் துறைமுகத்துலயும் உண்டு. கடைக்குள்ள உட்கார்ந்தா ஒரு விலை, பார்சல்னா அதைவிடக் கம்மி விலைங்கறது பல கடைகள்ல வழக்கம். அப்ப பார்சல்தான் நம்ம சாய்ஸ்! ஆனா ஒரு எதிரி இருக்கான். கடற்புறா! செயின்ட் ஐவ்ஸ் மாதிரி ஊர்ல கையில இருக்கற பொட்டலத்தையே ஆட்டையப் போட்டுடும்.

இதுக்கும் ஆராய்ச்சி நடத்தியிருக்காங்க நம்ம ஆளுங்க. எக்ஸிடர் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் கார்ன்வால் கடலோர ஊர்கள்ல ஒரு பை சிப்ஸை வெச்சு 74 பறவைகள்கிட்ட டெஸ்ட் பண்ணப் போனாங்க. முழு டெஸ்ட்டையும் முடிச்சது 19 பறவைங்கதான். (நம்ம கிளாஸ் அட்டெண்டன்ஸ் மாதிரியே!) 2019-ல வந்த ரிசல்ட் என்ன தெரியுமா? கண்ணை நேரா பார்த்து முறைச்சா, சாப்பாட்டுகிட்ட வர்றதுக்குச் சராசரியா 21 விநாடி லேட்டாகுதாம். ஆக, சிப்ஸ் சாப்பிடறப்ப செல்போனைப் பார்க்காதீங்க. பறவையைப் பாருங்க!

மவ்ஸல் கிராமத்துல ஒரு பப்

நியூலினுக்குப் பக்கத்துலயே ஒரு குட்டி மீனவ கிராமம். எழுதறது ‘மவுஸ் ஹோல்’. படிக்கறது ‘மவ்ஸல்’. அங்க துறைமுகத்தைப் பார்த்தபடி ஷிப் இன்னுன்னு ஒரு பப். பப்புன்னதும் டிஸ்கோ லைட்டைக் கற்பனை பண்ண வேண்டாம். இங்கிலாந்து கிராமத்துல பப்புங்கறது நம்ம ஊர் டீக்கடையும் மரத்தடித் திண்ணையும் சேர்ந்த மாதிரி. தாத்தா, பாட்டி, குழந்தைங்க எல்லாம் வருவாங்க. எலுமிச்சை ஜூஸோட சாப்பிட்டுட்டு வந்தாலும் ஒருத்தரும் முறைக்க மாட்டாங்க.

ஒவ்வொரு டிசம்பர் 23-ம் அந்த ஊருக்கு டாம் பாக்காக் திருநாள். புயலால ஊரே பட்டினி கிடந்தப்ப, டாம் பாக்காக்ங்கற மீனவர் தைரியமா கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்தார்ங்கறது ஊர்க் கதை. அதுக்காக ‘ஸ்டார்கேஸி பை’ செய்வாங்க. மாவு மூடியைக் கிழிச்சுக்கிட்டு மீன் தலையெல்லாம் வானத்தைப் பார்த்து நட்சத்திரம் எண்ணிக்கிட்டிருக்கும். முதல் தடவை பார்க்கறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்!

ஆனா, அதுக்கு நாலு நாள் முன்னாடி, டிசம்பர் 19 அன்னிக்கு, துறைமுகத்தைச் சுத்திப் போட்டிருக்கற கிறிஸ்துமஸ் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைச்சு வைப்பாங்க. 1981-ல அதே நாள் ராத்திரி. யூனியன் ஸ்டார்ங்கற கப்பல் புயல்ல சிக்கித் தத்தளிச்சுது. காப்பாத்தப் போச்சு பென்லீ உயிர்காப்புப் படகு. படகுல போன எட்டுப் பேரும் அந்தக் கிராமத்துக்காரங்க, எல்லாருமே தன்னார்வலர்கள். கப்பல்ல இருந்த எட்டுப் பேரும் படகுல போன எட்டுப் பேரும், மொத்தம் 16 பேரும் திரும்பவே இல்லை. அந்த எட்டுப் பேர்ல ஒருத்தர் சார்லஸ் கிரீன்ஹாஃப். யார் தெரியுமா? ஷிப் இன் பப்பை நடத்தினவர்.

நமக்குச் சாப்பாடு போட்டவர், கடல்ல யாரோ தெரியாதவங்களுக்காக இறங்கிப் போயிட்டார். அந்த மேஜையில உட்கார்ந்து சாப்பிடறப்ப இது தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு... அதான் சொன்னேன்.

ஜாம் முதல்லயா, க்ரீம் முதல்லயா?

மூணாவது ஆளு, லீவுக்கு வந்தவன். அவனுக்குப் பிடிச்சது க்ரீம் டீ. டீயில க்ரீம் போட்டுக் குடிச்சுடாதீங்க. ஸ்கோன்னு ஒரு குட்டி பன், ஜாம், கிளாட்டட் க்ரீம், கூடவே ஒரு பானை டீ... இந்த செட்டுக்குத்தான் அந்தப் பேர். கிளாட்டட் க்ரீம்ங்கறது நம்ம பால் ஏடு ராஜ உடுப்பு போட்ட மாதிரி. குறைஞ்சது 55 சதவிகிதம் கொழுப்பு! ரெட்ரூத் பக்கத்துல ராடாஸ் குடும்பம் 1890-லேர்ந்து இதைச் செஞ்சுக்கிட்டிருக்கு.

கார்ன்வால்ல ஜாமை முதல்ல தடவி மேல க்ரீம் வைக்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் டெவன்ல க்ரீம் முதல்ல, மேல ஜாம். மாத்திச் செஞ்சா சொந்தக்காரனே பேச மாட்டான். 2018-ல கார்ன்வால்ல இருக்கற லான்ஹைட்ராக் மாளிகையோட விளம்பரத்துல க்ரீமுக்கு மேல ஜாம் இருக்கற போட்டோ வந்துடுச்சு. ஊரே கொந்தளிச்சது. கடைசியில மன்னிப்பு கேட்டாங்க!

கூட வர்ற டீயில ஒரு வகை அங்கேயே விளையறது. ட்ருரோ பக்கத்துல ட்ரெகாத்னன் எஸ்டேட்ல இங்கிலாந்து மண்ணுல தேயிலை வளர்த்து 2005-லேர்ந்து விக்கறாங்க. விலையைப் பார்த்தா நம்ம நீலகிரி டீயே போதும்னு தோணும்.

தட்டு கொண்டுவர்றவங்க எங்க தூங்கறாங்க?

வடக்குக் கரையில பேட்ஸ்டோன்னு ஒரு மீன்பிடி ஊர். 1975-ல ரிக் ஸ்டெய்னும் அவர் மனைவி ஜில்லும் அங்க ‘தி சீஃபுட் ரெஸ்டாரன்ட்’ ஆரம்பிச்சாங்க. டி.வி-யில சமையல் நிகழ்ச்சி ஹிட்டாக, ஊரே டூரிஸ்ட் ஸ்பாட் ஆயிடுச்சு. ஊர்க்காரங்க கிண்டலா வெச்ச பேரு ‘பேட்ஸ்டெய்ன்’! பெரிய ரெஸ்டாரன்ட் நம்ம பர்ஸுக்குச் செட் ஆகாது. அதே ஊர்ல அவங்களே நடத்தற வறுத்த மீன் கடை இருக்கு. ஒரு நாள் ஆசைக்கு அது போதும்.

நியூகீ பக்கத்துல வாட்டர்கேட் பேன்னு ஒரு கடற்கரை. 2006-ல அங்க ‘ஃபிஃப்டீன் கார்ன்வால்’னு ஒரு ரெஸ்டாரன்ட் வந்துச்சு. ஜேமி ஆலிவர் 2002-ல லண்டன்ல ஆரம்பிச்ச ஐடியாதான். வேலை கிடைக்காத இளைஞர்களைக் கூட்டிட்டு வந்து சமையல் கத்துக்கொடுத்து, செஃப்பா ஆக்கி வெளிய அனுப்பற திட்டம். ஜன்னலுக்கு வெளிய கடல், அடுப்படியில நம்ம வயசுப் பசங்க. 2019 டிசம்பர்ல அதை மூடிட்டாங்க. அங்க கத்துக்கிட்டவங்க கை மட்டும் இன்னும் வேற வேற அடுப்புல வேலை செய்யுது.

இப்ப ஒரு கசப்பு மேட்டர். லீவுக்கு வந்தவங்களுக்கு ஊர் பிடிச்சுப்போச்சு. ரெண்டாவது வீடு வாங்கிப் போட்டாங்க. வருஷத்துல சில வாரம் வருவாங்க, மத்த நாள் பூட்டு. வீட்டு விலை ஏறுச்சு, வாடகை ஏறுச்சு. அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த பசங்களுக்கு அந்த ஊர்ல வீடு இல்லை. 2016-ல செயின்ட் ஐவ்ஸ்ல ஓட்டெடுப்பே நடந்துச்சு. புதுசா கட்டற வீடு எல்லாம் அங்கேயே நிரந்தரமா வாழறவங்களுக்குத்தான்னு 83 சதவிகிதம் பேர் சொன்னாங்க. 2025 ஏப்ரல்லேர்ந்து கார்ன்வால் கவுன்சில் ரெண்டாவது வீடுகளுக்கு கவுன்சில் வரியை டபுள் ஆக்கிடுச்சு.

இதுக்கும் சாப்பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. கோடைக்காலத்துல கடற்கரை கஃபேக்கள்ல ஆள் தேவைன்னு போர்டு தொங்கும். வேலை இருக்கு, தங்க இடம் இல்லை. 2021-ல ஆள் கிடைக்காம நேரத்தைக் குறைச்ச கடைகள் உண்டு. குளிர்காலத்துல கதையே தலைகீழ். டூரிஸ்ட் இல்லை, பல கடைகளுக்குப் பூட்டு, வேலையும் போச்சு. சுரங்கம் மூடினப்ப இந்த ஊர்ப் பசங்க வேலை இல்லாம கிளம்பினாங்க. இப்ப வேலை இருந்தும் வீடு இல்லாம கிளம்பறாங்க. அதனாலதான் சொல்றேன்... டூரிஸ்ட் போன அப்புறமும், ஜனவரி மழையிலயும் திறந்திருக்கற கடை எதுவோ, அதுதான் அந்த ஊருக்காக இருக்கற கடை. முதல்ல அதைத் தேடிப் பிடிங்க.

அண்ணாவுக்கு ஒரு பாக்கெட் நோட்டு

* பெரும்பாலான பப்புல மேஜையில உட்கார்ந்துட்டா சர்வர் வரமாட்டார். கவுன்ட்டருக்குப் போய் ஆர்டர் கொடுத்து, மேஜை நம்பர் சொல்லணும்.

* மது விக்க லைசென்ஸ் இருக்கற கடையில குழாய்த் தண்ணி கேட்டா இலவசமா கொடுத்தாகணும், அது சட்டம். பாட்டில் தண்ணி வாங்கிப் பணத்தை விடாதீங்க.

* கடைக் கதவுல சுகாதார மார்க் ஸ்டிக்கர் இருக்கும். 0-லேர்ந்து 5 வரைக்கும். இங்கிலாந்துல அதை ஒட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஸ்டிக்கர் காணோம்னா, காரணம் நீங்களே யோசிங்க!

* ஒரு பவுண்டுன்னா நூறு ரூபாய்க்கு மேல. முதல் மாசம் முழுக்க மனசு பெருக்கிப் பார்த்துப் பதறும். வாரத்துல ஒரு நாள் மட்டும் வெளிச் சாப்பாடு, மத்த நாள் குக்கர். (ஆமாம், குக்கர் கட்சிதான் ஜெயிச்சது!)

* பார்ட் டைம் வேலை பார்த்தா, டிகிரி படிக்கற ஸ்டூடண்ட் விசாவுல காலேஜ் நடக்கற நாட்கள்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அதைத் தாண்டினா விசாவுக்கே ஆப்பு.

* 2024 அக்டோபர் 1-லேர்ந்து, டிப்ஸ் முழுக்க வேலை செய்யறவங்களுக்கே போய்ச் சேரணும்னு சட்டம் வந்தாச்சு. முதலாளி கை வைக்க முடியாது. நீங்க டிப்ஸ் வாங்கினாலும் சரி, கொடுத்தாலும் சரி... ஞாபகம் வெச்சுக்கங்க.

இந்த நோட்டைப் படிச்சுட்டு அண்ணா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “முதல் நாள் எங்கடா சாப்பிடறது?”

“பென்ரின்லயே ஏதாவது ஒரு சின்ன பேக்கரியில ஒரு பேஸ்டி வாங்குங்கணா. சீஸ், வெங்காயம் போட்டதுகூட ஓகே. சுவர் மேல உட்கார்ந்து சாப்பிடுங்க. தாத்தாவுக்குச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க”ன்னேன்.

“அவர் இருந்திருந்தா, சுரங்கம் படிக்கவாடா அவ்வளவு தூரம் போறேன்னு திட்டியிருப்பார்”னு சிரிச்சார். அப்புறம், “போய்ச் சேர்ந்ததும் போட்டோ அனுப்பறேன்”னார்.

கடற்புறாவை முறைக்கணும்ங்கறதையும் மறக்காம சொல்லி அனுப்பியிருக்கேன். 21 விநாடி டைம் கிடைக்கும்ல!

அடுத்த வாரம் வேற ஊர், வேற பசி. அதுவரைக்கும்... பர்ஸ் பத்திரம் மக்களே!